சுற்றுலா வழிகாட்டி மாணவரின் ஆங்கிலத்தில் இறந்தகாலம்

சுற்றுலா வழிகாட்டியாகப் பயிற்சி பெறும் மாணவரின் ஆங்கிலப் பிழைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 'தி' என்னும் அடையை விட்டுவிடுவதால் பொருள் மயக்கம் நேர்வது அரிது. இறந்தகால வினையில் நேரும் பிழையோ வரலாற்றையே மாற்றவல்லது.

ஆக்ராவில் கூறப்படும் செய்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மும்தாஜ் 1631-இல் இறந்தார். அதன்பின் ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டுவித்தார். இந்தியில் இவ்வினை 'பன்வாயா தா' என அமையும். 'பன்வாயா' என்பது பிறவினை. 'தா' என்பது நிகழ்ச்சி நெடுங்காலத்திற்கு முற்பட்டது என்பதை மட்டும் இங்கு உணர்த்தும். மாணவர் இதனை 'ஹேட் பில்ட்' எனப் பெயர்ப்பதுண்டு. ஆங்கிலத்தில் இவ்வடிவம், முன்னர்க் கூறப்பட்ட இறந்தகால நிகழ்ச்சிக்கும் முற்பட்டதைக் குறிக்கும். எனவே, 'மும்தாஜ் டைட் இன் 1631. ஷாஜகான் ஹேட் பில்ட் தி தாஜ்மகால்' என்பதைக் கேட்பவர், அரசி இறப்பதற்கு முன்பே கட்டடம் எழுந்துவிட்டதாகக் கொள்ள இடமுண்டு. பிறவினைப் பொருளும் விடுபட்டுப் போகிறது. 'ஹேட் தி தாஜ்மகால் பில்ட்' எனச் செயப்படுபொருளை இடையில் அமைப்பின், 'கட்டுவித்தார்' என்னும் பொருள் கிடைக்கும், காலமும் பிறழாது.

ஆதலின், பயிற்றுவோர் பிழைகளை எண்ணிக்கையால் அன்றி, அவை விளைக்கும் பொருள் திரிபின் அளவால் வரிசைப்படுத்தித் திருத்துதல் வேண்டும்.