பிள்ளைக்கு எந்தத் தண்ணி கொடுக்கறது, அக்கா?

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி பாட்டு கேட்டு வரும். மீதிப் பாதி பிறந்தநாள் வாழ்த்து. அன்று வந்தது வேறு மாதிரி. கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பேசியவர் ஓர் இளம் தாய். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்.

"அக்கா, எம் பிள்ளைக்கு மூனு மாசம். பால் பத்தல, புட்டிப் பால்தான் கொடுக்கறேன். குழாய்த் தண்ணியில ஃபுளோரைட் கலக்குறாங்களாம், அது பிள்ளை மூளைய கெடுத்துடுமாம்னு எங்க குடும்பப் புலனக் குழுவுல வந்துச்சு. மாமியார் இப்ப டவுனுக்குப் போயி போத்தல் தண்ணி வாங்கிட்டு வராங்க. எத்தன மாசம் வாங்க முடியும்? பிள்ளைக்கு எந்தத் தண்ணி கொடுக்கறது, அக்கா?"

இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அந்தப் புலனச் செய்தியையும் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். கால்கள் வில்லாக வளைந்த ஒரு சிறுவனின் படம், மேலே சிவப்பு எழுத்தில் "உங்கள் குழாயில் விஷம்" என்று ஒரு வரி. மூன்று மாதக் குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டாள்.

அந்தப் படத்திலிருந்தே தொடங்கலாம். அப்படி வளைந்த கால்கள் பொய்யில்லை. ஃபுளோரைட் அதிகமானால் எலும்பு அப்படித்தான் ஆகும். 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதி மக்களிடம் இந்த நோயைக் கண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தெலுங்கானாவின் நல்கொண்டாவில் தலைமுறை தலைமுறையாக இந்தத் துன்பம். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைட் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் பலர் கப்பலேறியது அந்தப் பக்கத்துச் சேலம் சீமையிலிருந்துதான்.

ஆனால் அங்கே யாரும் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையில் ஊறி ஊறித் தானாகவே ஃபுளோரைட்டை இழுத்துக்கொண்டு வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த ஊர்க் கிணறுகள் பலவற்றில் அளவு அதைத் தாண்டிப் போகும். அதையே ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல் பழுப்பேறும், எலும்பு இறுகும், கால் வளையும்.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே ஆற்று நீரில் இயற்கையாக ஃபுளோரைட் மிகக் குறைவு, அதனால் பல் சொத்தையைக் குறைக்கச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஜொகூர் பாருவில் 1957இல் ஆரம்பித்தது. 1972இல் அமைச்சரவை அதை நாட்டுக் கொள்கையாக ஏற்றது. முதலில் வைத்த அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். பற்பசையிலும் ஃபுளோரைட், புட்டிப் பாலிலும் ஃபுளோரைட் என்று வரவு கூடியதால் 2005இல் 0.5 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளை நம் நாட்டு ஆய்வாளர்களே பார்த்தார்கள். பல்லில் வெள்ளைப் புள்ளி விழுவது குறைந்திருந்தது, சொத்தைக்கு எதிரான பலன் நீடித்தது. அந்தச் சிறுவனின் படத்துக்கும் நம் குழாய்க்கும் உள்ள தூரம் இவ்வளவு.

சரி, மூளை?

இந்தப் பயத்தை "புலனப் புரளி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை. கேட்பவர் ஒரு தாய், அவருக்கு முழு விவரம் சொல்ல வேண்டும். 2020இல் கனடாவில் 398 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வந்தது. ஃபுளோரைட் கலந்த நீரில் கரைத்த புட்டிப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள், படம் பொருத்துவது, வடிவம் அடுக்குவது போன்ற சோதனைகளில் கொஞ்சம் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள் என்றது அது. மொத்த அறிவுத்திறன் மதிப்பெண்ணில் தெரிந்த வேறுபாடு, மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த இரண்டே பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்தவுடன் உறுதியாகச் சொல்ல முடியாததாகிவிட்டது என்றும் அதே ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1970களில் பிறந்த சுமார் ஆயிரம் பேரை 38 வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில் இப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைட் உள்ள நீருக்கும் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, 0.7 அளவில் அப்படிச் சொல்லப் போதிய தகவல் இல்லை என்றது. புலனத்தில் சுற்றும் செய்தியில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. பிறகு 2025இல் யூட்டா மாநிலமும் அதைத் தொடர்ந்து ஃபுளோரிடாவும் ஃபுளோரைட் கலப்பதற்குத் தடை போட்டன. அந்த அலைதான் சுற்றிச் சுற்றி நம் மலைக்கும் ஏறியிருக்கிறது. அவர்கள் சண்டை போடுவது 0.7ஐப் பற்றி. நம் அளவு 0.5.

இப்போது புட்டிக் கணக்கு. தாய்ப்பாலில் ஃபுளோரைட் இல்லை என்றே சொல்லலாம், தாய் எந்தத் தண்ணீர் குடித்தாலும் அப்படித்தான். புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 800 மில்லிலிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 அளவு நீரானால் 0.4 மில்லிகிராம் ஃபுளோரைட். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அமெரிக்க மருத்துவக் கழகம் போட்ட மேல்வரம்பு 0.7. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் தாய்ப்பால் குழந்தைக்குப் போவதைவிடப் பல மடங்கு அதிகம். இதனால் வரக்கூடியது, பின்னால் முளைக்கும் நிலையான முன்பற்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். அழகுப் பிரச்சினை, நோயில்லை. அதையும் தவிர்க்க நினைப்பவர்கள் ஃபுளோரைட் குறைந்த நீரில் இடையிடையே பால் கலக்கலாம் என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

போத்தல் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி. நம் நாட்டில் நிற மூடி போட்ட போத்தல் இயற்கைக் கனிம நீர், அதில் உப்புகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு வேறு. வெள்ளை மூடி சுத்திகரித்த குடிநீர். பால் கலக்க வாங்குவதென்றால் வெள்ளை மூடி போதும். விலை கூடிய நிற மூடிப் போத்தலைப் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்களைத் தானா ராத்தா கடைகளில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கொதிக்க வைத்தால் ஃபுளோரைட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அடர்த்தி ஒரு சொட்டு கூடத்தான் செய்யும். குழாயில் மாட்டும் சாதாரணக் கரி வடிகட்டியும் அதை அவ்வளவாகப் பிடிக்காது.

உங்கள் குழாய் எங்கிருந்து வருகிறது?

இதையெல்லாம் குறித்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரிங்லெட் தாண்டி, தானா ராத்தா தாண்டி, வளைந்து வளைந்து மேலே. தேயிலை இந்த மலையில் 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறது. காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் நம் ஆட்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் லயத்து வீடுகளில் கோலம் இருக்கிறது, வாசலில் துளசி இருக்கிறது.

ஒரு லயத்தின் பின்னால் கறுப்பு பாலித்தீன் குழாய் ஒன்று தரையோடு ஓடி மேலே காட்டுக்குள் போனது. மலை ஓடையில் சின்னத் தடுப்பு, அதிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து வீட்டுக்குழாய். "மழை பெஞ்சா தேத்தண்ணி கலர்லதான் வரும்" என்று சிரித்தார் அங்கிருந்த பெரியவர்.

யோசித்துப் பாருங்கள். ஃபுளோரைட் சேர்ப்பது நீர் சுத்திகரிப்பு நிலையத்தில். ஓடையிலிருந்து நேராக வரும் குழாயில் அதைச் சேர்க்க யாரும் இல்லை. அந்தத் தண்ணீர் குடிக்கும் வீட்டில் ஃபுளோரைட்டுக்குப் பயப்படுவது, வராத விருந்தாளிக்குக் கதவைத் தாழிடுவது. குளோரின் சேர்க்கவும் அங்கே ஆளில்லை என்பதுதான் கவலை. மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் மழை அதையும் கழுவிக்கொண்டு வரும். மூன்று மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்து ஒரே நாளில் இறங்கிவிடும். அதனால் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் நன்றாகக் கொதித்ததா என்பது. பால்மாவைக் கரைக்கும்போதும் நீர் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், ஏனென்றால் மாவிலேயே கிருமி இருக்கலாம். கரைத்த பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான போத்தல் நீரில் கரைப்பதைவிட, கொதித்த குழாய்நீர் சூட்டோடு கரைப்பது பாதுகாப்பு.

குரல் பதிவு அனுப்பிய தாய்க்கு நான் சொன்னதும் இதுதான். உங்கள் குழாய் அரசாங்கக் குழாயா, தோட்டத்துக் குழாயா என்று முதலில் கேளுங்கள். எதுவானாலும் கொதிக்க வையுங்கள். தாய்ப்பால் கொஞ்சம் சுரந்தாலும் விடாமல் கொடுங்கள், கிளினிக் மிசியிடம் அதற்கு உதவி கேளுங்கள். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீரே வேண்டாம். மாமியார் மழையில் டவுனுக்கு அலைய வேண்டாம்.

ஆனால் அதே லயத்தில் நான் பார்த்த இன்னொரு புட்டி என்னை யோசிக்க வைத்தது. எட்டு மாதக் குழந்தை, பாட்டி மடியில். புட்டியில் பழுப்பாக ஏதோ. "தேத்தண்ணிதான்மா. கொஞ்சம் சீனி போட்டா குளிருக்கு நல்லாத் தூங்கும்." தேயிலைத் தோட்டத்தில் இது புதிதில்லை. ஆயாக் கொட்டகைக் காலத்திலிருந்து வரும் பழக்கம்.

ஃபுளோரைட்டுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புட்டியை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் செடி. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் பல மடங்கு. திபெத்தில் முற்றிய இலையை அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையைக் காலமெல்லாம் குடித்து எலும்பு நோய் கண்டவர்கள் உண்டு. 2013இல் இங்கிலாந்தின் டெர்பி பல்கலைக்கழக ஆய்வு, மலிவு விலைத் தேயிலையில் ஃபுளோரைட் கூடுதல் என்று காட்டியது. சாதாரணமாக ஒரு லிட்டர் தேநீரில் 1 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கும். 2 என்று வைத்தாலும், ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது, 0.5 அளவு குழாய்நீரில் கலந்த ஒரு நாள் புட்டிப் பாலில் இருப்பதற்குச் சமம்.

அதைவிடப் பெரிய விஷயம் இரும்புச்சத்து. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. கைக்குழந்தைப் பருவத்தில் இரும்பு குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். இதில் நிபுணர்களுக்குள் சண்டை இல்லை. மூளைக்குப் பயந்து போத்தல் தண்ணீர் வாங்கி, அதிலேயே தேநீர் போட்டுக் கொடுத்தால் யாருக்கு லாபம்?

சீனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2015இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குப் பல் சொத்தை. பத்து ஆண்டுக்கு முன் 76.2. புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள்தான் முதலில் கறுக்கும். ஃபுளோரைட் கலக்காத மலைக் குழாயில் வளரும் பிள்ளைக்கு அந்தச் சின்னப் பாதுகாப்பும் கிடையாது. அங்கே முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து, ஓர் அரிசி அளவு ஃபுளோரைட் பற்பசை போட்டுத் தேய்ப்பது கூடுதல் அவசியம்.

பாட்டியிடம் இதையெல்லாம் நான் வகுப்பெடுக்கவில்லை. வயதில் மூத்தவர், ஆறு பிள்ளை வளர்த்தவர். "ராத்திரியில மட்டும் வெறும் பால் கொடுத்துப் பாருங்க பாட்டி, பல்லு நல்லா இருக்கும்" என்றேன். "என் பல்ல பாரு, எல்லாம் தேத்தண்ணியில வளந்ததுதான்" என்று வாயைத் திறந்து காட்டினார். நான்கு இருந்தது.

தோட்டக் குடியிருப்புகளுக்கு இலவசமாகப் போதிய குழாய்நீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. ஆகவே தோட்ட ஆபீசில் போய், "எங்கள் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், ரிசல்ட் எங்கே?" என்று கேட்பதில் தப்பே இல்லை. அரசாங்கக் குழாயானால் அதில் ஃபுளோரைட் சேர்கிறதா, எவ்வளவு என்று அரசாங்கப் பல் கிளினிக்கில் விசாரிக்கலாம். அந்தப் படத்தைப் புலனக் குழுவில் போட்ட சித்தப்பாவிடம் கேட்பதைவிட அது நல்லது.