பழைய சட்டப் புத்தகத்தை நம்பிக் கடலுக்குப் போகலாமா?

பார்ப்பதற்கு வெள்ளரிக்காய் போல இருக்கும். தொட்டால் வழவழப்பாக நெளியும். ராமநாதபுரம் கடலோரத்தில் கடல் அட்டையைத் தெரியாதவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்து, அவித்து, காயவைத்து ஏற்றுமதிக்கு அனுப்பிவந்தார்கள்.

2001-ல் மத்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அன்றோடு தொழில் குற்றமாகிப்போனது. புலியை வேட்டையாடினால் எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் இதற்கும்!

அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. மீனவர்கள் கொதித்தெழ, டிசம்பரில் அந்தப் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. இடைப்பட்ட ஐந்து மாதத்தில் அச்சான புத்தகத்தை யாராவது வாங்கியிருந்தால், அது வீட்டுக்கு வந்துசேரும்போதே தப்பான புத்தகம்.

அச்சிலிருந்து கைபேசிக்கு

அரசிதழில் வெளியாகிவிட்டால், சட்டம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாகவே கணக்கு. ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது. ஆனால், டெல்லியில் அச்சாகும் அரசிதழ் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் எப்போது வந்தது?

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் அச்சடிக்கப்படுவதில்லை. இணையத்தில் மட்டுமே வெளியாகிறது. மத்திய, மாநிலச் சட்டங்களை ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். வக்கீல் அலுவலக அலமாரிகளை நிறைத்திருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளும் 2023 ஜனவரி 2 முதல் ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளத்தில் இலவசம்.

இதில் மிச்சமாவது புத்தகக் காசு மட்டுமல்ல. 2023 ஏப்ரலுக்கு முந்தைய புத்தகத்தில், முதல் அட்டவணை உயிரினத்தைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 10,000 ரூபாய் அபராதம் என்றிருக்கும். இன்று அந்த அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, 511 பிரிவுகள் 358 ஆகி, எண்களும் தலைகீழாக மாறின. பழைய புத்தகத்தில் விரல் வைத்துத் தேடுபவருக்குக் கிடைப்பது நேற்றைய சட்டம்.

தமிழில் கிடைக்கிறதா?

சிக்கல் இங்கேதான். இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. மத்தியச் சட்டங்களின் தமிழாக்கம், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியானால், அதற்கும் அதிகாரபூர்வ மதிப்பு உண்டு என்று 1973-லேயே தனிச்சட்டம் போடப்பட்டது. வழி இருக்கிறது, வேகம்தான் போதவில்லை. கைபேசியில் சட்டம் இருந்தும், படகோட்டிக்கு அது புரியவில்லை என்றால், பூட்டிய அலமாரிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் செய்யவேண்டியது

கைபேசியில் சட்டத்தைப் படிக்கும்போது, கடைசித் திருத்தம் எந்தத் தேதிவரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சந்தேகம் வந்தால் அரசிதழோடு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ‘புதுச் சட்டம்’ செய்திகளை நம்பாதீர்கள். ஆங்கிலம் புரியவில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

வலையை விரிப்பதற்கு முன் காற்றைப் பார்ப்பது கடலோர வழக்கம். இனி சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.