பெற்றோர் என்னும் சொல்லும் ஈப்போ வழக்கும்

தமிழில் ‘பெற்றோர்’ என்பது பலர்பாற் சொல். தாயையும் தந்தையையும் ஒருங்கே குறிக்கவே அதனை ஆள்கிறோம். ஒருவரை மட்டும் சுட்ட வேண்டுமாயின் தாய் என்றோ தந்தை என்றோ சொல்லிவிடுவோம். ஆங்கிலச் சட்டமொழியில் வரும் ‘பேரன்ட்’ என்பது ஒருமைச் சொல். இருவருள் எவர்க்கும் அது பொருந்தும். மலாயில் ‘இபு பாப்பா’ என்றால் தாய்தந்தையர். இடையே ‘அத்தாவ்’ என்னும் ஒரு சொல் நுழைந்துவிட்டால் ‘தாய் அல்லது தந்தை’ என்று பொருள் மாறிவிடும். இலக்கண வகுப்போடு நின்றிருக்க வேண்டிய இவ்வேறுபாடு, ஈப்போவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

இந்திரா காந்தி ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை. அதில் எவர்க்கும் வழக்கில்லை. அடுத்த மாதமே, தாய்க்குத் தெரியாமலும் பிள்ளைகளை நேரில் அழைத்துச் செல்லாமலும், மூன்று பிள்ளைகளையும் அவர் மதம் மாற்றிப் பதிந்தார். மூத்த இருவர்க்கும் வயது 12, 11. கடைக்குட்டி 11 மாதக் குழந்தை. அக்குழந்தையைத் தந்தை தம்முடன் கொண்டு சென்றுவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசின் சமயம் இஸ்லாம் என்றும், பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்றும் அரசியலமைப்பின் 3ஆம் விதி கூறுகிறது. 12(4)ஆம் விதி, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தை அவருடைய ‘பேரன்ட்’ அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது. 1988இல் சேர்க்கப்பட்ட 121(1A)ஆம் விதியோ, ஷரியா நீதிமன்ற வரம்புக்குள் வரும் விவகாரங்களில் குடிமை நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்றது. இவற்றுக்கிடையே அகப்பட்டவர்கள் ஒரு சாரார்க்கு அயலாராகவும் மறு சாரார்க்குக் கைக்கெட்டாதவராகவும் ஆயினர். 2007 டிசம்பரில் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள், ஒருவரே பிள்ளையின் சமயத்தை மாற்றலாம் என்று கருத்துரைத்திருந்தனர். இந்திரா காந்தி வழக்குமன்றம் ஏறியபோது அவருக்கு எதிரே நின்றது அந்த முன்னுரையே.

இங்கே உலகத்தைச் சற்று நோக்குவது பயன்தரும். அமெரிக்காவில், நாட்டுரிமையையும் கிறித்தவ அடையாளத்தையும் ஒன்றாக்கி, அரசதிகாரம் அவ்வடையாளத்திற்கே உரியது என வாதிடும் போக்கினைக் கிறித்தவத் தேசியவாதம் என்கின்றனர். அதனை எதிர்த்து 2019 சூலையில் ஓர் இயக்கம் தோன்றிற்று. தோற்றுவித்தோர் இறைமறுப்பாளர் அல்லர். பாப்டிஸ்ட் திருச்சபையினரைச் சார்ந்த ஓர் அமைப்பினர். தங்கள் சமயம் ஆட்சியின் கைக்கருவியாவது சமயத்திற்கே இழுக்கு என்பது அவர்தம் வாதம். அங்கே பெரும்பான்மையாய் இருந்து தன் இனத்தாரையே கண்டிக்கும் அச்சமயம், பேராக்கில் சிறுபான்மை. எனவே சிக்கல் ஒரு குறிப்பிட்ட சமயத்தின் இயல்பில் இல்லை. ஏதேனும் ஒரு சமயத்தோடு அரசதிகாரம் பிணையும் முறையில் இருக்கிறது. இதனை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். மறந்தால், அநீதியை எதிர்க்கப் புறப்பட்டவர் அண்டை வீட்டாரை வெறுப்பதில் போய் முடிவர்.

சிறுபான்மையாய் இருப்பதன் பொருளை ஈப்போ சிலிபின் வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் 2006 நவம்பர் 5ஆம் நாள் உணர்ந்தனர். லூர்து அன்னை ஆலயத்தில் மலாய்க்காரர்கள் திருமுழுக்குப் பெறப் போகின்றனர் என்று கைப்பேசிக் குறுஞ்செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தின்முன் கூட்டம் திரண்டது, காவல்துறை வந்தது. உள்ளே நடந்ததோ, ஏறத்தாழ நூறு இந்தியப் பிள்ளைகளின் முதல் திருவிருந்து. வெள்ளாடை உடுத்திக் காத்திருந்த சிறார்க்கு வெளியே எழுந்த கூச்சலின் காரணம் விளங்கியிருக்க வழியில்லை.

பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் ஒரே செம்மண் சாலையில் இருந்தன; ஒன்றின் திருவிழாவுக்கு மற்றதன் மக்கள் பந்தலிட்டனர். நாம் அதனைப் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தக்கதுதான். ஆயினும் அந்த நல்லிணக்கம் சட்டத்தின் சோதனைக்கு ஒருநாளும் உட்படாதது என்பது என் கருத்து. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின் புந்தோங்கிலும் சிலிபினிலும் குடியேறிய குடும்பங்களுக்குப் பந்தல் போடும் நட்பு மட்டும் போதவில்லை. மனு எழுதவும், அமைச்சரைக் காணவும், வழக்கறிஞரை அமர்த்தவும் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

அத்தகைய அமைப்பு 1983இலேயே தோன்றியிருந்தது. பௌத்தர், கிறித்தவர், இந்துக்கள், சீக்கியர் ஆகியோரின் மலேசிய ஆலோசனை மன்றம் அது. பின்னர்த் தாவோ சமயத்தாரும் சேர்ந்தனர். இந்துக்கள் சார்பில் அதில் இடம்பெறுவது 1965இல் அமைந்த மலேசிய இந்து சங்கம். கடவுள் ஒருவரா பலரா, கடவுள் உண்டா என்பதிலேயே ஒன்றுபடாத இவர்கள் ஒன்றுபட்டது ஒரு சிறிய கோரிக்கையில்: பிள்ளையின் சமயத்தை மாற்ற இருவர் இசைவும் வேண்டும். கோரிக்கை சிறிதாயிருந்ததே அதன் வலிமை. இஸ்லாமியருள்ளும் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் என்னும் பெண்கள் அமைப்பினரும், ஓய்வுபெற்ற மலாய் உயரதிகாரிகளின் ஜி25 குழுவினரும் ஒருதலை மதமாற்றத்திற்கு எதிராகக் குரல் கொடுத்தனர். இதனை நம் மேடைகள் போதிய அளவு சொல்வதில்லை.

அரசியல் வழி ஏமாற்றத்தில் முடிந்தது. திருமணத்தின்போது பெற்றோர் பின்பற்றிய சமயத்திலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என 2009 ஏப்ரலில் அமைச்சரவை அறிவித்தது, அறிவிப்பு சட்டமாகவில்லை. பின்னர் வந்த திருமண, மணமுறிவுச் சட்டத் திருத்தத்தில் 88A என்னும் பிரிவு அதனைச் சட்டமாக்க முனைந்தது. 2017 ஆகஸ்டில் அப்பிரிவு கைவிடப்பட்டுத் திருத்தம் நிறைவேறியது. எஞ்சியது நீதிமன்றமே.

இந்திரா காந்திக்காக அன்றைய ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் குலசேகரனும் பிற வழக்கறிஞர்களும் வாதிட்டனர். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லா என்றது. 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 சனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் ஜைனுன் அலி என்னும் இஸ்லாமியப் பெண் நீதிபதி.

மொழி பயில்வோர் அத்தீர்ப்பைச் சிறப்பாகக் கருத வேண்டும். அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை, ஒருமையில் வரும் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்கிறது. அதன்படி ‘பேரன்ட்’ என்பதற்கு, இருவரும் உயிரோடு இருப்பின் இருவரும் என்றே பொருள் கொள்ளப்பட்டது. பிள்ளைமீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வழங்கும் சட்டமும் துணை நின்றது. மற்றொன்று: இஸ்லாத்தைத் தழுவுவோர் உறுதிமொழியைத் தம் வாயால் மொழிய வேண்டும் என்று பேராக் மாநிலச் சட்டமே விதித்திருந்தது. இப்பிள்ளைகள் அதனை மொழியவில்லை. அவ்விடத்தில் இருக்கவும் இல்லை. அவர்களுள் ஒன்று பேச்சே வராத கைக்குழந்தை.

பெர்லிஸ் மாநிலம் தன் சட்டத்தில் ‘தாய் அல்லது தந்தை’ என்று எழுதிக்கொண்டதால் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. லோ சியூ ஹோங் என்னும் தாயின் மூன்று பிள்ளைகளின் மதமாற்றம் 2024 சனவரியில் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

இவை தொலைவிலுள்ள செய்திகளாக ஆசிரியர்க்குத் தோன்றலாம். நம் பள்ளிகளில் இஸ்லாமிய மாணவர் இஸ்லாமியக் கல்விக்கும் ஏனையோர் நன்னெறிக் கல்விக்கும் பிரிந்து செல்கின்றனர். பதிவேட்டின் சமயக் கட்டத்தில் இருக்கும் ஒரு சொல்லே பிள்ளை எந்த வகுப்பறைக்குள் நுழைவது என்பதை முடிவு செய்கிறது. வீட்டில் கந்தசஷ்டிக் கவசம் கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளியில் வேறொரு வரிசையில் நிற்க நேர்ந்தால், அதன் திகைப்பை முதலில் காண்பவர் வகுப்பாசிரியரே.

தீர்ப்பு நிலைபெற்றது. கைக்குழந்தையைப் பொறுத்தவரை, பராமரிப்பு உரிமை தாய்க்கே என்று ஈப்போ உயர் நீதிமன்றம் 2010இலேயே ஆணையிட்டிருந்தது. தந்தையைக் கைது செய்யுமாறு காவல்துறைத் தலைவர்க்கு 2016இல் கூட்டரசு நீதிமன்றமும் கட்டளையிட்டது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்த நாளில் அக்குழந்தைக்கு ஏறக்குறைய பத்து வயது. அன்றும் அவள் தாயிடம் இல்லை.