குவிமாடத்துக்குப் பட்டை போட்ட கதை

வாடிகனில் இருக்கும் புனித பேதுரு பேராலயத்தைப் படத்தில் பார்த்திருப்பீங்க. 1506-ல் வேலை தொடங்கி, 1626-ல்தான் அர்ச்சிக்கப்பட்டது. 120 வருஷம்!

அதன் குவிமாடத்தை வடிவமைத்தவர் மைக்கேல் ஆஞ்சலோ. பொறுப்பேற்றபோதே அவருக்கு வயது 70-க்கு மேல். 1564-ல் இறந்துவிட்டார். ஜியாகோமோ டெல்லா போர்ட்டா 1590-ல் மாடத்தைக் கட்டி முடித்தார். சிலுவை உச்சி வரை உயரம் சுமார் 136 மீட்டர்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். ரெண்டு நோட்டை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்க. அடி விலகிச் சரியும். குவிமாடமும் அப்படித்தான். எடை கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அதனால் மாடத்தில் விரிசல் விழுந்தது. விழுந்துடுமோ என்று ஊரே பயந்தது.

திருத்தந்தை 14-ம் பெனடிக்ட் 1742-ல் மூன்று கணித அறிஞர்களை ஆராயச் சொன்னார். அடுத்து வந்த போலேனி, சங்கிலியைத் தொங்கவிட்டு, அந்த வளைவைத் தலைகீழாக்கிக் கணக்குப் போட்டார். மாடத்தின் வடிவம் சரிதான், அடி விரியாமல் பிடித்தால் போதும் என்றார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுற மாதிரி, 1743, 1744-ல் மாடத்தைச் சுற்றிப் புதிய இரும்பு வளையங்களைப் பூட்டினார்கள். இன்றும் கம்பீரமா நிக்குது!

கணக்கு எதுக்குன்னு இனி யாராவது கேட்டா, இதைச் சொல்லுங்க.