ஒளி குடிபுகும் இல்லம்

மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நான்கு சுவர்களுக்குள்ளேயே கழிக்கின்றான். உண்பதும் உறங்குவதும் கற்பதும் களிப்பதும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கின்றன. ஆதலின், வாழும் இடம் தூய்மையும் ஒளியும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆனால், இல்லத்தை அழகு செய்தல் செல்வர்க்கே இயலும் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அது பிழையான எண்ணம். விலையுயர்ந்த பொருள்களை வாங்கிக் குவிப்பதனால் ஓர் அறை அழகு பெறுவதில்லை. ஒளி வரும் வழியை அறிந்து, அதற்கு இடம் தந்து அமைப்பதனாலேயே அழகு பெறுகின்றது. அவ்வறையை நன்றாக நிழற்படம் எடுத்தலும் அத்தகையதே. இவ்விரு கலைகளுக்கும் அடிப்படை ஒன்றே. அஃது ஒளியை அறிதலாகும்.

அறைக்குள் ஒளியைப் பெருக்கும் பொருள்களுள் மிக எளியது சுண்ணாம்பு. பொங்கல் திருநாளுக்கு முன்னர் வீடுகளை ஒட்டடை நீக்கி வெள்ளையடித்தல் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இவ்வழக்கத்தில் அழகோடு அறிவும் கலந்துள்ளது. சன்னல் வழியே வரும் ஒளி புகைபடிந்த கரிய சுவரில் பட்டால், அதன் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். வெள்ளைச் சுவரில் பட்டாலோ, பெரும்பகுதி எதிர்ச் சுவருக்கும் கூரைக்கும் திரும்பும். அங்கிருந்து மீண்டும் அறையெங்கும் பரவும். ஆகவே, சன்னலைப் பெரிதாக்காமலே அறையின் ஒளியைப் பெருக்க வெள்ளைச் சுவர் துணைசெய்கின்றது. மூலையில் அமர்ந்து படிக்கும் சிறுவனின் நூலிலும் அவ்வொளி சென்று விழுகின்றது.

சுண்ணாம்பு அடையும் மாற்றங்கள் வியப்புக்குரியவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு, ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுவர். அப்பொழுது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதனை நீரில் இட்டால், பெருவெப்பத்தை வெளிவிட்டுக் கொதித்து, வெடித்து, பொடிந்து போகும். இதனைச் சுண்ணாம்பு நீற்றுதல் என்பர். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மீண்டும் தன் பழைய கல்லின் தன்மையையே அடைகின்றது. வெள்ளையடித்தல் என்பது உண்மையில் சுவருக்கு மெல்லிய கல்லாடை போர்த்துதலே ஆகும்.

இப்பணியைக் குடும்பத்தார் தாமே செய்துகொள்ளலாம். எனினும், சுண்ணாம்பு நீற்றும் வேலை பெரியவர்களுக்கே உரியது. கொதிக்கும் சுண்ணாம்பு தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். அவ்வாறு பட்டுவிட்டால், சிறிதும் தாழ்க்காமல் தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லல் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவேனும் ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடிகட்டிப் பால்போல் கரைத்துக் கொள்ளுதல் நன்று. கையில் ஒட்டாதிருக்கச் சிறிது பசையும், மஞ்சள் நிறம் தோன்றாதிருக்கச் சிறிது நீலமும் சேர்ப்பது வழக்கம். சுவரிலுள்ள தூசியையும் உதிரும் காரையையும் நீக்கி, நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே பூசத் தொடங்க வேண்டும். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் அது வெடித்து உதிரும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசினால் நிலைக்கும். முதற்பூச்சை மேலிருந்து கீழாகவும், அடுத்ததைப் பக்கவாட்டிலும் இழுத்தால் திட்டுகள் தோன்றா. ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தோன்றும் சுவரைக் கண்டு மனம் சோர்தல் கூடாது. உலர உலர அது வெளுக்கும்.

பழைய எண்ணெய்ச் சாயம் பூசிய கதவுகளைச் சுரண்டும்போதும் விழிப்பு வேண்டும். முற்காலச் சாயங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அதன் தூள் உடலுட் சென்றால், குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு செய்யும். வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அதற்கு முன் பூசிய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடுதல் தகாது.

சுவர் ஒளிபெற்ற பின்னர்ப் பொருள்களை ஒழுங்கு செய்தல் வேண்டும். முதற்பணி சேர்த்தல் அன்று, நீக்குதலே. உடைந்தனவும் பயன்படாதனவும் வெளியேறினாலே அறை பாதி அழகு பெறும். பின்னர்க் கைத்திறனுக்கு இடமுண்டு. கடையில் எறியப்பட்ட மரப்பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கி, வார்னிஷ் பூசிச் சுவரோரம் நிறுத்தினால் அது நல்ல புத்தக அடுக்காகும். நைந்த பருத்திப் புடவையின் நல்ல பகுதி சன்னல் திரையாகும். சுவர் முழுதும் படங்களை மாட்டுவதினும், பார்ப்பவர் கண்மட்டத்தில் ஒரே ஒரு படத்தை மாட்டுதல் சிறப்பு. எழுதும் மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் இட வேண்டும். வலக்கையால் எழுதுவோர்க்கு இடப்புறத்திலிருந்து ஒளி வந்தால், கையின் நிழல் எழுத்தை மறைக்காது.

இவ்வாறு அமைத்த அறையை நிழற்படமாக்க விரும்புவோர், நிழற்படக் கருவியின் பிறப்பையும் அறிதல் நன்று. 'காமிரா' என்னும் சொல் இலத்தீன் மொழியில் அறையைக் குறிப்பது. இருண்ட அறையின் சுவரில் சிறு துளை இருந்தால், வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாகத் தோன்றும். ஓட்டுக் கூரையின் சிறு இடுக்கு வழியே தரையில் விழும் வட்டமான ஒளிப்பொட்டும் கதிரவனின் உருவமே. அந்த இருட்டறையே சுருங்கிச் சுருங்கி இன்று கைப்பேசிக்குள்ளும் அடங்கிவிட்டது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் தால்பட் என்பார் 1835-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், லேகாக் என்னும் ஊரிலுள்ள தம் மாளிகையின் சன்னலை, உள்ளிருந்தபடியே ஒரு சிறு தாளில் படமாக்கினார். இன்றுவரை எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் அதுவே மிகப் பழையது. அவர் வீட்டில் ஆங்காங்கே வைத்திருந்த சிறு மரப்பெட்டிக் கருவிகளை அவர்தம் மனைவியார் 'எலிப்பொறிகள்' என்று நகையாடினாராம்.

தால்பட் எதிர்கொண்ட இடர்ப்பாடு இன்றும் மறையவில்லை. மனிதக் கண் வெயிலுக்கும் நிழலுக்கும் விரைவில் தன்னைப் பழக்கிக் கொள்ளும். கருவியோ அவ்வளவு வேறுபாட்டை ஒரே படத்தில் ஏற்பதில்லை. சன்னலை நேரே நோக்கிப் படமெடுத்தால், சன்னல் வெளுத்துப்போகும். அல்லது அறை கறுத்துப்போகும். எனவே, சன்னல் ஒரு பக்கமாக அமையுமாறு நின்று எடுத்தல் வேண்டும். வெயில் நேரே புகுந்தால் மெல்லிய வெண்திரையால் அதனைத் தணிக்கலாம். இருண்ட பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்தால், அது ஒளியைத் திருப்பி நிழலை மென்மையாக்கும். பகல் ஒளி இருக்கையில் மின்விளக்குகளை அணைத்துவிடுதல் நலம். இரு நிறத்து ஒளிகள் கலந்தால் ஒரே சுவர் ஓரிடத்தில் மஞ்சளாகவும் மற்றோரிடத்தில் நீலமாகவும் தோன்றும்.

கருவியைப் பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அதனை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உட்புறம் சரிவன போலவும், கீழ்நோக்கிச் சாய்த்தால் வெளிப்புறம் விரிவன போலவும் தோன்றும். மார்பளவு உயரத்தில் சாய்வின்றி நேராகப் பிடித்தால் தூண் தூணாகவே நிற்கும். ஒளி குறைந்த அறையில் கருவியின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருப்பதால், சிறு நடுக்கமும் படத்தைக் கலைத்துவிடும். முக்காலி இல்லாதவர் புத்தக அடுக்கின்மீது வைத்தே எடுக்கலாம்.

வீட்டின் உட்புறத்தை எடுத்த படங்கள் ஒரு நகரின் சட்டத்தையே மாற்றத் துணைநின்றதும் உண்டு. டென்மார்க்கில் 1849-ஆம் ஆண்டில் பிறந்த சேக்கப் ரீசு, 1870-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, வறுமையில் உழன்று, பின்னர் நியூயார்க்கில் செய்தியாளர் ஆனார். அந்நகரின் ஏழை மக்கள் சன்னலற்ற இருட்டறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். சொற்களால் எவ்வளவு எழுதியும் செல்வர் மனம் இளகவில்லை. 1887-ஆம் ஆண்டில் பளிச்சென எரியும் ஒளிப்பொடி செருமனியில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை அறிந்ததும், அதனைக் கொண்டு அவ்விருட்டறைகளைப் படமாக்கினார். அப்பொடியால் இருமுறை வீடு தீப்பற்றியது. ஒருமுறை அவர்மீதே தீப்பற்றியது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. 1890-ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. அவரும் பிறரும் தொடர்ந்து போராடியதன் பயனாக, 1901-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலம் புதிய குடியிருப்புச் சட்டத்தை இயற்றிற்று. புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் சன்னல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று.

இவ்வரலாறு படமெடுப்போர்க்கு ஒரு நெறியை உணர்த்துகின்றது. படத்துக்காக அறையைத் துடைத்து ஒழுங்கு செய்தல் தகும். இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்ட முயலுதல் தகாது. அயலாரிடம் இரவல் வாங்கிய பொருளால் நிறைந்த படத்தைவிட, தன் கையால் வெள்ளையடித்த சுவரும், தான் செய்த புத்தக அடுக்கும், சன்னலோரம் படிக்கும் தங்கையும் உள்ள படமே பெருமைக்குரியது. ஆண்டுகள் பல சென்றபின் அதனைக் காண்போர், அவ்வீட்டார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அதில் கண்டறிவர். ஆகவே, முதலில் இல்லத்தில் ஒளி குடிபுகட்டும். உண்மையான அழகும் அதனுடன் வந்து சேரும்.