திசைமயங்கும் விமானி

செஞ்சிக் கோட்டைக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூர் எனது ஊர். அங்கு பார்சுவநாதர் கோயில் தேர்த் திருவிழாவின்போது குடைராட்டினத்தில் ஏறி, கண்களை இறுக மூடிக்கொண்டு சுற்றுவது என் சிறுவயது விளையாட்டு. சிறிது நேரத்தில் சுற்றுகின்ற உணர்வே மறைந்துவிடும். ராட்டினம் நின்றபின்போ, எதிர்த்திசையில் சுழல்வதாகத் தோன்றும். தள்ளாடி இறங்கும் என்னிடம், "கண்ணைத் திறந்து தேரைப் பாரடா!" என்பாள் என் தமக்கை. தேரைக் கண்டதும் மயக்கம் மெல்லத் தெளியும்.

இம்மயக்கத்துக்குக் காரணம் நமது உட்செவி. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் ஒருவகை நீர் நிறைந்திருக்கிறது. நாம் சுழலத் தொடங்குகையில் அந்நீர் பின்தங்குவதால் சுழற்சியை உணர்கிறோம். ஒரே சீராகச் சுழன்றால் நீரும் உடன் சுழலும், உணர்வு மறையும். நாம் நின்ற பின்னும் நீர் ஓடும்; அதனால் பொய்யான சுழற்சி தோன்றும்.

இருளில் கடல்மீது பறக்கும் விமானிக்குப் பார்த்துத் தெளியத் தேர் ஏது? அடிவானமும் தெரியாது. விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியே அவருக்குக் கண். அக்கருவியே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 விமானம், தரையைவிட்டு எழுந்த சுமார் 100 விநாடிகளில் அரபிக்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். வலப்புறம் திரும்பிய விமானம் சமநிலைக்கு மீண்ட பின்னும், தலைமை விமானியின் கருவி வலப்புறச் சாய்வையே காட்டிற்று. அதனை நம்பி அவர் இடப்புறமாகச் சாய்த்துக்கொண்டே போனார். துணை விமானிக்கெனத் தனிக் கருவி இருந்தது. இரண்டுக்கும் மாற்றாக மூன்றாவதும் இருந்தது. அக்கருவியை நம்பவேண்டா என்று பறப்புப் பொறியாளர் எச்சரித்தபோது, காலம் கடந்துவிட்டது.

தலைமை விமானி நெடுங்கால அனுபவமுடையவர். அறியாமையன்று அவரை வீழ்த்தியது. அபாயம் நேர்கையில் மனித மனம் குறுகி ஒன்றையே பற்றிக்கொள்கிறது; அருகிலிருக்கும் மற்றவற்றைக் கண் கண்டாலும் கருத்துக் காண்பதில்லை.

ஆகவேதான் இன்று விமானிகள், தரையில் அமைந்த மாதிரி விமான அறைகளில் கருவிகள் பழுதுபடும் நிலையைப் பலமுறை பழகுகின்றனர். உடல் சொல்வதை நம்பாதே, ஒரே கருவி சொல்வதையும் தனித்து நம்பாதே, ஒன்றோடொன்று ஒப்பிடு, முரண் கண்டால் உரக்கச் சொல், தோழர் சொன்னால் செவிகொடு. இவையே அவர்கள் கற்கும் பாடம். அன்று என் தமக்கையின் குரல் எனக்குச் செய்த உதவியும் இதுவே.