காளான் குடிலுக்குக் குளிர்ச்சியும் வெப்பமும்: நாமே அமைப்போம்

சம்பா, தாளடி அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டவுடன், காவிரிப் பாசனப் பகுதியில் பல வீடுகளில் கொல்லைப்புறத்துக் கீற்றுக் கொட்டகையில் சிப்பிக் காளான் படுக்கைகள் தொங்கத் தொடங்கும். மாசி முடியும்வரை பறிப்பு நன்றாக இருக்கும். பங்குனி பிறந்ததும் மொட்டுகள் கருகும். சித்திரையில் படுக்கைகள் காய்ந்தோ, பச்சைப் பூசணம் பிடித்தோ குப்பைக்குப் போகும். மேட்டூர் அணை திறந்து குறுவைப் பணி தொடங்கும்வரை வேறு வருவாய் இல்லாத மாதங்களில்தான் இந்த இழப்பு நேர்கிறது. "கடன் வாங்கியாவது குடிலுக்கு ஏ.சி. வைக்கலாமா?" என்று நம்மிடம் கேட்போர் பலர். வேண்டாம் என்பதே எமது பதில். கோணிச் சாக்கு, தண்ணீர், ஒரு மின்விசிறி, இரண்டு வெப்பமானிகள் ஆகியவற்றைக் கொண்டு நீங்களே குடிலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம். எந்த நாளில் அது பயன்தரும், எந்த நாளில் பயன்தராது என்பதை மட்டும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரு காளான், இரு தேவை

வைக்கோலில் காளான் வளர்ப்பது நம் மாநிலத்திற்குப் புதிதல்ல. 1940-களிலேயே கோயம்புத்தூரில் வைக்கோல் காளான் வளர்க்கும் முறை ஆராயப்பட்டது. இன்று நம் பகுதிக்கு ஏற்றவை இரண்டு. சிப்பிக் காளானுக்கு 23 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 85 முதல் 90 சதவீதக் காற்று ஈரப்பதமும் தேவை. பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பமும், 80 சதவீதத்திற்கு மேற்பட்ட ஈரப்பதமும் தேவை. பால் காளானில் ஏபிகே 2 என்ற இரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆகவே கோடையில் சிப்பிக்கு இடைஞ்சலாக இருக்கும் வெப்பமே பால் காளானுக்கு உகந்ததாகிறது. குடிலைப் பருவத்துக்கு ஏற்பக் குளிர்விக்கவும் வெதுவெதுப்பாக்கவும் தெரிந்தால் ஆண்டு முழுவதும் பறிக்கலாம்.

தண்ணீர் எவ்வாறு குளிர்விக்கிறது?

மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் வெட்டிவேர்த் தட்டி அறையைக் குளிர்விப்பதற்கும் காரணம் ஒன்றே. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ 3,000 கிலோ கலோரி. அதாவது மணிக்கு ஐந்து லிட்டர் நீரை ஆவியாக்கினால் ஏறக்குறைய ஒரு டன் ஏ.சி.யின் வேலை நடந்துவிடும். மேலும், ஏ.சி. அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் படுக்கைகளைக் காய வைக்கும். ஈரத் திரையோ குளிர்ச்சியோடு ஈரப்பதத்தையும் தரும்.

ஆனால் தண்ணீரைத் தெளித்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். காற்று உலர்ந்திருந்தால்தான் ஆவியாகும். நான் முதன்முதலில் அமைத்த குடிலில் இந்தத் தவற்றைத்தான் செய்தேன். ஐப்பசி மாதம், நான்கு பக்கமும் பாலிதீன் தாள் கட்டி, நாள் முழுவதும் தண்ணீர் அடித்தேன். வெப்பமானி ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. பத்தே நாளில் படுக்கைகள் முழுவதும் பச்சைப் பூசணம். மழைக்காலக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தது. நான் ஊற்றிய நீர் ஆவியாக இடமில்லை. நுழைந்த காற்று வெளியேறவும் வழியில்லை.

இரண்டு வெப்பமானிகளின் கணக்கு

இத்தவற்றைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்குங்கள். ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். மற்றொன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சிறு புட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்கும்படி செய்யுங்கள். இரண்டையும் குடிலுக்கு வெளியே, நிழலில், காற்று படும் இடத்தில் வைத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். ஈரத்துணி வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே தண்ணீரால் எந்தக் குடிலையும் குளிர்விக்க முடியாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு வரை நம் திரையால் குறைக்கலாம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, மாசியில் ஒரு நாள் உலர் வெப்பமானி 33, ஈர வெப்பமானி 24 எனக் காட்டினால் இடைவெளி 9 டிகிரி. ஆறு டிகிரி குறைந்து குடிலுக்குள் 27 கிடைக்கும். சிப்பிக் காளானுக்குப் போதும். சித்திரையில் 38-உம் 27-உம் காட்டினால், எவ்வளவு முயன்றாலும் உள்ளே 31 டிகிரியே வரும். சிப்பி வராது, பால் காளானுக்கு அதுவே சரியான அளவு. ஐப்பசி மழைநாளில் 30-உம் 28-உம் காட்டினால் திரையை இயக்குவது வீண். அன்று தண்ணீரை நிறுத்திக் காற்றோட்டத்தை மட்டும் கூட்டுங்கள்.

குடில் அமைத்தல்

16 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள குடில் ஒரு குடும்பத்திற்குப் போதுமானது. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறைவாக விழும். மேடான இடத்தில் ஓர் அடி உயரத்திற்கு மண் நிரப்பித் தளம் அமையுங்கள். தென்னங்கீற்றால் தடிப்பாகக் கூரை வேய்ந்து, தரையில் மூன்று அங்குல ஆற்று மணல் பரப்புங்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். கால்களை இரண்டடி ஆழத்தில் ஊன்றி, கூரையைக் கம்பியால் முளைகளுடன் இழுத்துக் கட்டுவது அவசியம். உள்ளே ஒன்றரை அடி இடைவெளியில் முப்பது உறிகளைக் கட்டி, உறிக்கு மூன்று வீதம் படுக்கைகளைத் தொங்கவிடலாம்.

ஈரத் திரை

அகலப்பக்கச் சுவர்களில் காற்று வீசும் திசையை நோக்கியுள்ளதில் 6 அடிக்கு 4 அடி திறப்பு விடுங்கள். அதில் இரட்டையாக மடித்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டி கிடைத்தால் இன்னும் நன்று. திறப்பின் மேல் அரை அங்குல பி.வி.சி. குழாயைப் பொருத்தி, இரண்டங்குலத்திற்கு ஒன்றாகச் சிறு துளைகள் இடுங்கள். கூலரில் பயன்படும் சிறிய பம்பு கீழ்த் தொட்டியிலிருந்து நீரை ஏற்றும். சாக்கில் வழியும் நீர் கீழே ஒரு காடி வழியாக மீண்டும் தொட்டிக்கு வரும். எதிர்ச் சுவரில் 12 அங்குல வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். விசிறி உள்காற்றை வெளியே தள்ளும்போது ஈரச்சாக்கின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். வேறு இடுக்குகள் வழியே காற்று புகாதவாறு அடையுங்கள். இல்லையேல் வெப்பக்காற்றே உள்ளே வரும். திரைக்கும் விசிறிக்கும் நைலான் வலை கட்டினால் காளான் ஈக்கள் நுழையா.

கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும். நீர் ஆவியானபின் உப்பு சாக்கில் படிந்து துளைகளை அடைக்கும். அங்கு இயன்றவரை குளத்து நீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள். தொட்டி நீரை வாரம் இருமுறை மாற்றுங்கள். சாக்கை மாதம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள்.

குளிர்காலத்தில் வெதுவெதுப்பு

மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். சிப்பிக்குப் பெரும் தீங்கில்லை. பால் காளான் மொட்டு விடாது. பால் காளானுக்கு நீல நிறச் சில்பாலின் விரிப்பால் மூடிய, பாதி தரைக்குள் பதித்த குடில் பரிந்துரைக்கப்படுகிறது. வெயிலின் சூட்டை அது பிடித்து வைக்கும். தேவையான வெளிச்சத்தையும் விடும். ஆனால் நம் வண்டல் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழும். மூன்றடி பள்ளம் தோண்டினால் குடில் குட்டையாகிவிடும். ஆகவே பள்ளத்திற்குப் பதிலாகத் தரைமேல் மூன்றடி மண்சுவர் எழுப்பி, அதன்மேல் விரிப்பைப் போடுங்கள்.

இரவுக்கான வெப்பம் உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. நறுக்கி நனைத்த வைக்கோலை 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைக்கிறோம் அல்லவா? வைக்கோலை எடுத்தபின் அந்த நீரை வாய்க்காலில் விடாதீர்கள். மாலையில் அதைக் குழாய் வழியாகக் குடிலுக்குள் உள்ள 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் விட்டு மூடி வையுங்கள். கொதிநீரைக் குடத்தில் சுமக்க வேண்டாம். 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது அது 10,000 கிலோ கலோரி வெப்பத்தை இரவு முழுவதும் மெதுவாக வெளிவிடும். மாலை நான்கு மணிக்கே பக்கத் திரைகளை இறக்கிவிட வேண்டும். கோடையில் இதே குடில் 38 டிகிரிக்கு மேல் போகாமலிருக்க, விரிப்பின்மேல் கீற்று பரப்பி, உச்சியில் காற்றுப்போக்கியைத் திறந்து விடுங்கள்.

வெப்பத்திற்காக மூடிய குடிலுக்குள் கரி அடுப்போ கணப்போ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சுக்காற்று. உள்ளே இருப்போர் உயிரையே பறிக்கும்.

காற்றோட்டமும் பாதுகாப்பும்

காளானும் நம்மைப்போல் மூச்சு விடுகிறது. கரியமில வாயு மிகுந்தால் சிப்பிக் காளானின் காம்பு நீண்டு, குடை சிறுத்துவிடும். இதைக் கண்டவுடன் விசிறியைக் கூடுதல் நேரம் ஓட விடுங்கள். முதிர்ந்த காளானிலிருந்து பறக்கும் வித்துத் தூள் சிலருக்கு இருமலையும் இளைப்பையும் உண்டாக்கும். காலையில் கதவைத் திறந்து விசிறியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டியபின் உள்ளே செல்லுங்கள்.

ஈரமான இடத்தில் மின்சாரம் ஆபத்தானது. சுவிட்சுகளைக் குடிலுக்கு வெளியே வையுங்கள். விசிறிக்கும் பம்புக்கும் நில இணைப்பு கொடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு

கார்த்திகை முதல் தை வரை இயற்கைக் குளிர்ச்சியிலேயே சிப்பிக் காளான் வளர்க்கலாம். மாசியிலும் பங்குனியிலும் ஈரத் திரையின் துணையோடு அதைத் தொடரலாம். பங்குனிக் கடைசியில் சிப்பிப் படுக்கைகளைக் குறைத்துக்கொண்டு பால் காளானுக்கு மாறுங்கள். ஐப்பசி வரை அது கைகொடுக்கும். குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்து பூசணம் பிடித்திருக்கும். ஆகவே ஆண்டுத் தேவைக்குச் சம்பா வைக்கோலையே தேர்ந்தெடுத்து, நனையாமல் சேமித்து வைப்பது நல்லது.

முதலில் இரண்டு வெப்பமானிகளை மட்டும் வாங்கி, ஒரு மாதம் நாள்தோறும் அளவைக் குறித்துப் பாருங்கள். உங்கள் ஊர்க் காற்று எவ்வளவு குளிர்ச்சி தரும் என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும். அதன்பின் திரை அமைத்தால் போட்ட பணம் வீணாகாது. காளான் வித்து, பயிற்சி ஆகியவை குறித்து நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் அறியலாம். போர் போட்ட வைக்கோல் சித்திரையிலும் வருவாய் தர, உழவர் பெருமக்கள் இம்முறையைக் கையாண்டு பயன் பெற வேண்டுகிறோம்.